பந்திங் பக்கத்தில் காய்கறித் தோட்டம்: நிலம் பிடிப்பது முதல் பறிப்பது வரை முழுமையான வழிகாட்டி

நம் முன்னோர் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியபோது 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்ற பழமொழியையும் மூட்டை முடிச்சோடு கொண்டு வந்தார்கள். அதைப் பிறப்பித்த பருவமழை மட்டும் கூட வரவில்லை. பந்திங், கேரித் தீவு, காப்பார், கோலசிலாங்கூர் என நீளும் மலேசியாவின் இந்தச் சிலாங்கூர் கடலோரச் சமவெளியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு முறையும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மற்றொரு முறையும் அது உச்சத்துக்குப் போகிறது. பிப்ரவரியும் ஜூன், ஜூலையும் ஓரளவு வறண்ட மாதங்கள். ஆகவே இங்கே காய்கறி போடுபவருக்கு முதல் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. ஊற்றுவது அதற்கு அடுத்ததுதான். இதை உணராமல் ஊர் வழக்கப்படி தாழ்ந்த பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியவர்கள் முதல் மழையிலேயே கத்தரிச் செடிகளை அழுகக் கொடுத்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ரப்பர் தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த காலத்தில் பால்வெட்டு முடிந்து வந்தவர்கள் மாலையில் வீட்டுப் பின்புறத்தில் மண்வெட்டி பிடித்தார்கள். தோட்டத்தை விட்டு மலிவுவிலை வீடுகளுக்கு வந்த பிறகு அந்தப் பின்புறம் இல்லாமல் போய்விட்டது. இன்று நமக்கு வாய்ப்பது தாமான் குடியிருப்புக்குப் பின்னால் கிடக்கும் காலி நிலத்திலோ, குடியிருப்போர் சங்கம் பிரித்துக் கொடுக்கும் சமூகத் தோட்டத்திலோ ஒரு துண்டு. என்னுடையது 20 அடிக்கு 30 அடி. ஒரு குடும்பத்தின் கீரைக்கும் காய்க்கும் அது போதும். வேலைக்குப் போகிற ஒருவர் தினமும் ஒரு மணி நேரத்தில் பராமரிக்கவும் முடியும். அதற்கு மேல் ஆசைப்பட்டால் களைதான் விளையும்.

நிலத்தைப் பிடிப்பதற்கு முன்

காலியாகக் கிடக்கிறது என்பதால் ஒரு நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்று ஆகிவிடாது. அரசு நிலமாக இருந்தால் 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி மாவட்ட நில அலுவலகத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் பெற வேண்டும். டி.ஓ.எல். என்று எல்லோரும் சொல்லும் இந்த உரிமம் ஆண்டு இறுதியோடு முடிந்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். தனியார் நிலமாகவோ தோட்ட நிர்வாகத்தின் நிலமாகவோ இருந்தால் வாய்வார்த்தையை நம்பாமல் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளை வேறொருவர் நிர்வாகியாக வருவார். அவருக்கு உங்கள் வாழைமரம் ஒரு பொருட்டாக இராது. உரிமை உறுதியாகாத இடத்தில் கீரை, வெண்டை போன்ற குறுகிய காலப் பயிரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிலத்தைச் சுத்தம் செய்யும்போது வெட்டிய புல்லைக் கொளுத்தாதீர்கள். திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். பின்னால் காசு கொடுத்து வாங்கப் போகும் உரத்தைப் புகையாக்குகிறோம் என்பது இன்னொரு பக்கம். லாலாங் புல்லை மட்டும் வேரோடு தோண்டி வெயிலில் காயப்போட வேண்டும். அதன் கிழங்குத்தண்டு ஒரு விரல் நீளம் மிஞ்சினாலும் மறுபடி தலைகாட்டும். முன்பு இதற்கெல்லாம் தோட்டத்தில் பாராகுவாட் களைக்கொல்லி அடித்துப் பழகிவிட்டோம். 2020 ஜனவரி முதல் அது மலேசியாவில் தடை செய்யப்பட்டிருக்கிறது; பழைய போத்தல் வீட்டில் கிடந்தாலும் அதைத் தொட வேண்டாம்.

மண்ணைப் படிப்பதும் பாத்தி கட்டுவதும்

ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மறுநாள் அடியில் தண்ணீர் ஊறி நின்றால் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது. பாத்தியை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். குழியின் சுவரையும் கவனியுங்கள். மேலே கறுத்த மண்ணும் கீழே சாம்பல் நிறக் களியும் இருப்பது இந்தக் கடலோரத்தில் வழக்கம். அந்தக் களியில் வைக்கோல் நிற மஞ்சள் புள்ளிகள் தென்பட்டாலோ, பக்கத்து வடிகாலில் தண்ணீர் துருப்பிடித்த நிறத்தில் நின்றாலோ, அது அமிலச் சல்பேட் மண்ணாக இருக்கக்கூடும். அத்தகைய களி நீருக்கடியில் காற்றுப் படாமல் கிடக்கும்வரை தீங்கு செய்யாது. தோண்டி மேலே போட்டால் அதிலுள்ள பைரைட் என்னும் இரும்புக் கந்தகத் தாது காற்றோடு சேர்ந்து கந்தக அமிலமாக மாறி, நட்டதையெல்லாம் வேரிலேயே கருக்கிவிடும். ஆகவே இங்கே வடிகாலை ஆழமாக்குவதைவிட அகலமாக்குவதே அறிவுடைமை. ஓர் அடி, மிஞ்சினால் ஒன்றரை அடி ஆழத்தோடு நிறுத்திக்கொண்டு, மேல்மண்ணை மட்டும் வாரிப் பாத்தியில் போடுங்கள்.

பாத்தியின் அகலம் நான்கு அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கமிருந்தும் கை எட்ட வேண்டும், உள்ளே கால் வைத்து மண்ணை இறுக்கக் கூடாது. உயரம் ஓர் அடி, களிமண் என்றால் ஒன்றேகால் அடி. பாத்திகளுக்கு நடுவில் ஒன்றரை அடி அகலத்தில் வடிகால் விட்டு, எல்லா வடிகாலையும் ஒரு பக்கமாகச் சரித்துப் பாரிட் என்னும் பெரிய வடிகால்வாயில் சேர்த்துவிடுங்கள். கட்டி முடித்ததும் ஒரு நல்ல மழைக்குக் காத்திருந்து, குடையோடு போய் நின்று பாருங்கள். மழை விட்ட அரை மணி நேரத்தில் வடிகாலில் தண்ணீர் இறங்கவில்லை என்றால் சரிவு போதவில்லை. விதைப்பதற்கு முன்பே அதைச் சரிசெய்து விடுங்கள்.

அடுத்தது சுண்ணாம்பு. நம் மண் பெரும்பாலும் புளித்த மண். மழை அதைத் தொடர்ந்து கழுவிக்கொண்டே இருக்கிறது. நான்கு அடிக்கு இருபது அடிப் பாத்தி ஒன்றுக்கு ஒன்றரை கிலோ டோலோமைட் தூள் தூவி, மேல் அரையடி மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். தழை மட்கிய சதுப்புக் கரிமண்ணாக இருந்தால் இதைப்போல இரண்டு மடங்கும் தேவைப்படலாம். உரக்கடையில் கிடைக்கும் சோதனைத் தாளில் அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 6ஐ ஒட்டி வந்தால் போதும். சுண்ணாம்பையும் கோழி எருவையும் ஒரே நாளில் போடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் எருவின் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடும். மூக்கைப் பிடிக்கும் நெடி வருகிறது என்றால் உங்கள் பணம் காற்றில் போகிறது என்று பொருள்.

எருவைப் பற்றி ஓர் அனுபவத்தைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் ஆண்டு ஒரு கோழிப் பண்ணையிலிருந்து மலிவாகக் கிடைக்கிறதே என்று பச்சை எருவை லோரியில் இறக்கி, அந்த வாரமே நாற்பது மிளகாய் நாற்றுகளை நட்டேன். ஐந்தாம் நாள் இலை ஓரங்கள் சுருட்டுக் காகிதம்போல் கருகின. பத்தாம் நாள் மூன்று செடிகளே மிஞ்சின. பக்கத்துத் துண்டில் பயிரிடும் அக்கா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, எருவ ஒரு பிடி எடுத்து மூக்குகிட்ட வெச்சுப் பாரு. கோழி வாசம் அடிச்சா அது இன்னும் எரு இல்ல" என்றார். அதற்குப் பிறகு எரு எப்போது வந்தாலும் புல்லோடும் காய்ந்த இலையோடும் அடுக்கி, தார்ப்பாய் போட்டு மூடி, வாரம் ஒருமுறை கிளறி, இரண்டு மாதம் கழித்து மண்வாசம் வந்த பிறகுதான் பாத்திக்குக் கொண்டு போகிறேன். மட்கிய எரு என்றால் ஒரு பாத்திக்கு பத்து கிலோ போதும்.

ஆலையில் பழம் உதிர்த்த பிறகு மிஞ்சும் செம்பனை (எண்ணெய்ப்பனை) வெறுங்குலை நம் பகுதியில் எளிதில் கிடைக்கிற செல்வம். அதில் சாம்பல்சத்து மிகுதி. வாழையைச் சுற்றிப் பரப்பினால் களையும் அடங்கும், ஈரமும் நிற்கும். ஆனால் ஓர் அடுக்காக மட்டுமே பரப்புங்கள். குவித்து வைத்தால் காண்டாமிருக வண்டு அதற்குள் முட்டையிட்டுப் பெருகி, உங்கள் தென்னையையும் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனையையும் குடையும். அதன் பிறகு நிர்வாகத்தோடு நல்லுறவு நீடிக்காது.

எதை எப்போது போடுவது

மேலே கேலி செய்த பழமொழிக்கு இப்போது ஒரு நியாயம் செய்ய வேண்டும். ஆடியில் இங்கே மழை குறைவு; அந்த வறட்சியில் பயத்தங்காய், பாகல், பீர்க்கன், வெள்ளரி ஆகியவற்றை விதைத்து, கைநீர் ஊற்றி வளர்த்தால், ஐப்பசி அடைமழைக்கு முன்பே அவை காய்த்துவிடும். புரட்டாசியில் வீடெல்லாம் சைவமாகி, சந்தையில் காய்கறி விலை ஏறுகிற நேரத்தில் நம் பந்தலில் காய் தொங்கும். காரணம் வேறாக இருந்தாலும் பழமொழி இங்கேயும் பலித்துவிடுகிறது. மிளகாய்க்கு நாற்று விட நவம்பர் இறுதி ஏற்ற காலம். பொங்கலையொட்டி நட்டால் பிப்ரவரி வெயிலில் செடி வலுப்படும். அடைமழை மாதங்களில் கங்கோங் கீரையும் மரவள்ளியும் வாழையும் போதும். மற்றதோடு மல்லுக்கட்ட வேண்டாம். முட்டைக்கோஸ், கேரட் போன்றவற்றை குளிர்ந்த கேமரன் மலைக்காரர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முதன்முதலாகப் பயிரிடுபவர் கீரையில் தொடங்குவது நல்லது. கங்கோங் விதையை ஓர் இரவு ஊறவைத்து, ஐந்து அங்குல இடைவெளியில் ஊன்றினால் மூன்று நான்கு வாரத்தில் வெட்டலாம். தண்டுக்கீரை விதை பொடி; மணலோடு கலந்து தூவ வேண்டும், இல்லையேல் ஒரே இடத்தில் குவிந்து முளைக்கும்; நான்கு வாரத்தில் பிடுங்கலாம். சாவிக் கீரையை நாற்றாக நட்டால் முப்பது நாள். ஒரே நாளில் பாத்தி முழுவதும் விதைப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் பிழை. பத்து நாளுக்கு ஒருமுறை ஐந்தடி நீளம் மட்டும் விதைத்து வந்தால் கீரை தீரவும் தீராது, முற்றவும் முற்றாது.

பந்தல் காய்கள்

பயத்தங்காய்க்கு ஆறரை அடி உயரக் கழிகளை நட்டு, மேலே கயிறு அல்லது வலை கட்டுங்கள். ஒரு குழிக்கு இரண்டு விதை, ஓர் அடி இடைவெளி. நாற்பத்தைந்து நாளில் முதல் காய் வரும். பாகலுக்கும் பீர்க்கனுக்கும் மூன்று அடி இடைவெளி தேவை. பெண்பூவின் அடியில் குட்டிக் காய் இருக்கும், ஆண்பூவில் இராது. பூ நிறைய இருந்தும் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். ஆண்பூவைக் கிள்ளி, இதழை மடக்கி, பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவி விடுங்கள். பாகலுக்கும் வெள்ளரிக்கும் இதைக் காலையில் செய்ய வேண்டும். பீர்க்கன் மாலையில்தான் பூக்கும். காலையில் போய்த் தேடினால் வாடிய பூவைத்தான் காண்பீர்கள்.

பந்தல் காய்க்குப் பெரிய பகை பழ ஈ. பிஞ்சில் ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளியும் அதிலிருந்து பிசின் துளியும் தெரிந்தால் முட்டை உள்ளே போய்விட்டது. மருந்து அடித்துப் பயனில்லை. பிஞ்சு விரல் அளவு ஆகும்போதே பழைய நாளிதழைக் குழல்போல் சுருட்டி மாட்டிவிட வேண்டும்; மழையில் கிழிந்தால் மாற்ற வேண்டும். விழுந்த காயை அப்படியே விடாமல் பொறுக்கி, கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு வாரம் வெயிலில் வையுங்கள். உள்ளிருக்கும் புழு வெந்து சாகும்.

மிளகாயும் கத்தரியும்

மலேசியாவில் வீட்டுத் தோட்டக்காரரின் பொறுமையைச் சோதிப்பது மிளகாய்தான். நீள மிளகாயில் குளாய் வகை எளிதாகக் கிடைக்கும். நாற்றுத் தட்டில் நான்கைந்து வாரம் வளர்த்து, இரண்டடி இடைவெளியில் மாலை வேளையில் நடுங்கள். பாத்திக்குச் சில்வர்ஷைன் பிளாஸ்டிக்கை வெள்ளிப் பக்கம் மேலாக விரித்தால் களையும் வராது, மழையில் மண் இலைமேல் தெறிக்காது, பளபளப்பைக் கண்டு பேன்பூச்சியும் ஓரளவு விலகும். தண்டு இரண்டாகப் பிரியும் கவைக்குக் கீழே வரும் துளிர்களையும், கவையில் வரும் முதல் பூவையும் கிள்ளிவிட வேண்டும். முதல் பூவைக் கிள்ளக் கை வராது. கிள்ளாத செடி குட்டையாகவே நின்றுவிடும்.

இலை சுருண்டால் உடனே மருந்துக் கடைக்கு ஓடாமல், எந்தப் பக்கம் சுருள்கிறது என்று பாருங்கள். ஓரம் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்தால் பேன்பூச்சி. கீழ்நோக்கிக் குடைபோல் கவிந்தால் சிலந்திப்பேன். முன்னதற்கு இலையின் அடிப்புறம் நனையும்படி வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கலாம். பின்னதற்கு நனையும் கந்தகத் தூள், அதுவும் வெயில் தாழ்ந்த பிறகு. எதை அடித்தாலும் எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று ஒட்டுச்சீட்டில் போட்டிருப்பதைப் படித்து, அந்தத் தேதியைப் பாத்தி முனையில் ஒரு குச்சியில் எழுதி மாட்டுங்கள்.

உரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுப்பதே இங்கு முறை. மொத்தமாகப் போட்டால் அடுத்த மழை பாரிட்டுக்குக் கொண்டுபோய்விடும். கீரைக்கும் இளஞ்செடிக்கும் 15:15:15 கொண்ட பச்சை நிறக் கலப்பு உரம், பூக்கத் தொடங்கிய பிறகு 12:12:17:2 கொண்ட நீல நிறக் கலப்பு உரம் (எண்கள் வரிசையாகத் தழை, மணி, சாம்பல் சத்துகளின் அளவு; நான்காவது மக்னீசியம்). செடிக்கு ஒரு மேசைக்கரண்டி, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

கத்தரியோ தக்காளியோ நேற்றுவரை செழிப்பாக நின்று, இன்று நடுப்பகலில் இலை பச்சையாகவே துவண்டு விழுந்தால் பாக்டீரியா வாடலை நினைக்க வேண்டும். உறுதிசெய்ய எளிய வழி உண்டு. தண்டை அடியில் குறுக்கே வெட்டி, ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி தொங்கவிட்டு, அசையாமல் சில நிமிடம் பாருங்கள். வெட்டுவாயிலிருந்து பால்நூல்போல் வெண்மையான இழை கீழே இறங்கினால் அந்த நோய்தான். மருந்து கிடையாது, செடியை மண்ணோடு அகற்றி, அந்தப் பாத்தியில் மிளகாய், கத்தரி, தக்காளி எதையும் மூன்று ஆண்டு நடாமலிருக்க வேண்டும். கைத்திறன் உள்ளவர்கள் தோட்ட ஓரங்களில் தானாக முளைக்கும் சுண்டைக்காய்ச் செடியில் கத்தரியை ஒட்டுப்போடலாம். சுண்டையின் வேர் அந்த நோய்க்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும்.

பழங்கள்

சிறு நிலத்தில் வாழை, பப்பாளி, ஓர் எலுமிச்சை, ஒரு கொய்யா போதும். வாழையில் பெராங்கானும் மாஸும் சந்தைக்கு நல்லவை, வீட்டுக்கு நங்கா. ஒரு தாய்மரம், ஒரு பக்கக் கன்று, ஒரு குருத்து என மூன்றுக்கு மேல் விடாதீர்கள். கடைசிச் சீப்பு வந்ததும் பூவைக் கத்தியால் வெட்டாமல் கையால் ஒடியுங்கள். பழத்தின் உள்ளே செம்பழுப்பாக அழுகும் பாக்டீரியா நோய் கத்தியிலும் பூவுக்கு வரும் பூச்சியிலும் பரவுகிறது. கத்தி பட வேண்டியிருந்தால் ஒரு பங்கு குளோரோக்ஸ் வெளுப்பான், ஒன்பது பங்கு தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள்.

பப்பாளியில் மார்டி என்னும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 1987இல் வெளியிட்ட எக்ஸோட்டிகாவும், பெரிய காய் தரும் செகாகியும் நமக்குப் பழக்கமானவை. ஒரு குழியில் மூன்று நாற்று நட்டு, பூ வந்த பிறகு, நீண்டு மெலிந்த இருபால் பூ உள்ள செடியை விட்டு மற்றதை அகற்றுங்கள். பப்பாளி வேர் இரண்டு நாள் தண்ணீரில் நின்றாலே அழுகும்; ஆகவே அதற்கு மேட்டின் மேல் ஒரு மேடு வேண்டும். எலுமிச்சைக்குப் பக்கத்தில் கறிவேப்பிலை வைக்காதீர்கள். எலுமிச்சையில் இலையை மஞ்சளாக்கும் 'கிரீனிங்' நோயைப் பரப்பும் சில்லிட் என்னும் சாறுறிஞ்சிப் பூச்சி, கறிவேப்பிலைத் துளிரிலும் விரும்பிப் பெருகுகிறது. நம் வீடுகளில் இவ்விரண்டும் அருகருகே நிற்பது வழக்கம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தண்ணீர்த் தோம்பும் கொசுவும்

மழைநீர் பிடிக்கும் தோம்புக்கு வலை போட்டு இறுகக் கட்டுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர ஏழெட்டு நாளே ஆகும். சுகாதார அதிகாரிகள் வந்து புழுவைக் கண்டால் அபராதம் உங்கள் பெயருக்கு. எலி நடமாட்டமுள்ள இடம் என்பதால் சேற்றில் வெறுங்காலோடு இறங்காதீர்கள். எலிச்சிறுநீர்க் காய்ச்சல் கால் புண் வழியாக ஏறும். நத்தையை வெறுங்கையால் பொறுக்குவதும் கூடாது.

பறிப்பது

பறிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டால் காய் முற்றுவதோடு, செடியும் தன் கடமை முடிந்தது என்று காய்ப்பதை நிறுத்திக்கொள்ளும். வெண்டை விரல் நீளம் வந்ததும் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். நுனியை ஒடித்தால் பட்டென்று முறிய வேண்டும். பயத்தங்காயைப் பருப்பு புடைக்கும் முன்பே கொய்யுங்கள். ஆனால் காம்பு தொடங்கும் கணுவைப் பிய்க்காதீர்கள், அதே தண்டில் மறுபடி பூக்கும். கங்கோங்கை இரண்டு கணு விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். கத்தரியைக் கட்டைவிரலால் அமுக்கினால் பள்ளம் உடனே மீள வேண்டும். தோல் மங்கிவிட்டால் உள்ளே விதை முற்றியிருக்கும். பாகல், பூ காய்த்து இரண்டு வாரத்தில் முள் அகன்று பச்சையாக இருக்கும்போதே வரட்டும். பப்பாளியில் ஒரு கீற்று மஞ்சள், வாழைக்காயில் விளிம்பு மழுங்கி உருளுதல்; இவைதான் அடையாளம். மரவள்ளியை எட்டு முதல் பத்து மாதத்தில் தோண்டலாம். தோண்டியதை இரண்டு நாளுக்குள் தோலுரித்து நன்றாக வேகவைத்துவிட வேண்டும், வைத்திருந்தால் உள்ளே நீலக்கோடு ஓடிக் கெட்டுவிடும்.

பனி காய்ந்த காலை நேரமே பறிக்க ஏற்றது. கீரையை ஈரத்துணியில் சுற்றி நிழலில் வையுங்கள். காயைக் கழுவாமல் கூடையில் பரப்புங்கள், கழுவியது அழுகும். அறுவடை முடிந்த பாத்தியில் மிளகாய்க்குப் பின் கீரை, கீரைக்குப் பின் பயத்தங்காய் என்று குடும்பம் மாற்றிப் போடுங்கள். விதைக்கு விட்ட பயத்தங்காய் செடியிலேயே காயட்டும் என்று காத்திருந்தால் நம் மழையில் காயோடு முளைத்துவிடும்; பழுப்பு ஏறியதும் பறித்து அடுப்பங்கரையில் தொங்கவிட்டுக் காயவைத்து, போத்தலில் அடைத்து, வெளியே பயிரின் பெயரும் மாதமும் எழுதி ஒட்டுங்கள்.